தரையிலிருந்து நூற்று முப்பத்தொன்று

எங்கள் கட்டடத்துக்கு லிஃப்ட் வேலைக்கு வரும் பெண்ணுக்கு நாற்பத்தாறு வயது. ஒன்பது மாடிக்காரர்களும் அவரை லிஃப்ட்டக்கா என்றே கூப்பிடுகிறோம், அவரைவிட இருபது வயது மூத்தவர்கள் உட்பட. இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. கெட்டிக்காரரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. கவனமானவர் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். கதவுக்கும் நிலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் டேப்பை இழுத்து ஒருமுறை அளந்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அப்படிப்பட்டவர், எந்த டேப்புக்கும் எட்டாத ஒரு விஷயத்தை நாற்பது வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டிருந்தார். போன மாதம் ஒரு காலை நேரத்தில் அது அளவுக்கு அகப்பட்டது. நான் கீழ்ப்படியில் உட்கார்ந்து அதை முழுக்கப் பார்த்தேன். அன்று போகவேண்டிய இடத்துக்கு நான் போகவே இல்லை.

அவர் நம்பியது இது. இருட்டு. எண்ணெய் வாசனை. கண்ணுக்கு நேரே ஒரு முகம். இரண்டு கண் உண்டு, மூக்கு இல்லை, வாய் சிரிக்கிறது. வாயில் மட்டும் வெளிச்சம். எங்கிருந்தோ அம்மாவின் குரல், "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறது. அவ்வளவுதான். முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. மூன்று வயதில் அம்மாவோடு லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட ஞாபகம் அது என்பது அவர் கணக்கு.

அடுத்த வருடமே அம்மா காய்ச்சலில் போய்விட்டார். வீட்டில் கூட்டம் கூடியது, யாரோ தூக்கிக்கொண்டு போனது, எதுவும் அவருக்கு நினைவில்லை. அம்மா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒரு புகைப்படம் வீட்டில் இருந்தது. அது போக, அம்மா என்று அவர் கையில் இருப்பது அந்த இருட்டும் அந்தக் குரலும்தான்.

அதற்கும் ஒரு போட்டியாளர் இருந்தார். அவருடைய சொந்த அண்ணன். நான்கு வயது மூத்தவர், இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் தையல்காரர். பேன்ட் மட்டும்தான் தைப்பார். சட்டை கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அம்மாவைப் பற்றி அவரிடம் மூட்டை மூட்டையாக ஞாபகம் உண்டு. லிஃப்ட்டில் மாட்டிய கதையும் அதில் ஒன்று. உறவுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும், அதை எடுத்துவிடுவார்.

அண்ணன் தங்கை சண்டை எப்படிப் போகும் என்பதை லிஃப்ட்டக்காவே இரண்டு குரலிலும் நடித்துக் காட்டினார்.

"நீ வரவே இல்ல. பக்கத்து வீட்டம்மாகிட்ட உன்னை விட்டுட்டுப் போனோம். பல் வலி எனக்கு. டாக்டரைப் பார்க்கப் போனது எனக்காக. மாட்டிக்கிட்டது நானும் அம்மாவும்."

"அப்ப அந்த முகம்?"

"ஏதாவது கனவு கண்டிருப்ப."

"அம்மா குரல்?"

"நான் சொல்லிச் சொல்லி உனக்கு ஒட்டிக்கிச்சு. சின்ன வயசுல என் பழைய சட்டையைத்தானே போட்டுட்டுத் திரிஞ்ச? ஞாபகத்தையும் அப்படியே மாட்டிக்கிட்ட."

இதில் எனக்குச் சங்கடம் என்னவென்றால், அண்ணன் சொல்வது நியாயமாகப் பட்டது. கேட்ட கதை நாளடைவில் பார்த்த காட்சியாகிவிடும். மனதில் இருக்கும் படங்களில் எடுத்தவர் பெயர் எழுதியிருப்பதில்லை. பத்து தடவை புரட்டிய பிறகு எல்லாம் நம்முடையவையே. இதை நான் அவரிடம் சொன்னபோது லிஃப்ட்டக்கா கோபப்படவில்லை.

"இருக்கலாங்க. ஆனா அவன் சொல்றது சரின்னா எனக்கு அம்மாவே கிடையாது. அவனுக்கு இருந்தாங்க. எனக்கு வெறும் போட்டோ."

அந்தப் பல் டாக்டர் இருந்தது எங்கள் கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். இப்போது அங்கே டியூஷன் நடக்கிறது. இந்த லிஃப்ட்டின் பராமரிப்பு முன்பெல்லாம் வேறொரு நிறுவனத்திடம் இருந்ததால், இத்தனை வருடத்தில் லிஃப்ட்டக்காவுக்கு இங்கே வேலை அமையவில்லை. பத்தொன்பது வயதில் ஒருமுறை சும்மா வந்து, மேலும் கீழும் ஆறு தடவை போயிருக்கிறார். ஏழாவது தடவை காவலாளி துரத்திவிட்டார். பார்த்ததற்குப் பலனும் இல்லை. உள்ளே மூன்று பக்கமும் மைக்கா பலகை அடித்து, கண்ணாடி வேறு மாட்டியிருந்தது. முகம் என்று சொல்ல அவர் முகம்தான் தெரிந்தது.

இந்த வருடம் பராமரிப்பு கை மாறியது. மோட்டார், கயிறு எல்லாம் புதிது. மைக்காவைப் பிரித்துவிட்டுப் பழைய இரும்புச் சுவரின் மேல் புதுத் தகடு அடிக்க வேண்டும் என்பதும் வேலைப் பட்டியலில் இருந்தது.

அன்று லிஃப்ட்டைத் தரைத்தளத்தில் நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, கதவைத் திறந்து கட்டையும் வைத்தாயிற்று. கூட இருந்தவர் மீட்டர். எலெக்ட்ரீஷியன்; லிஃப்ட்டக்கா வயதுதான். சோதனை மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர். அது முள்ளை அசைத்தால்தான் உலகத்தில் எதையும் நம்புவார்.

முதல் பலகை வெளியே வந்ததுமே லிஃப்ட்டக்கா கத்தினார்.

"மீட்டர், இங்க வா. பின்னாடி பாரு."

பலகையின் பின்பக்கத்தில் அதை அடித்த தச்சர் பென்சிலால் தேதி எழுதி வைத்திருந்தார். லிஃப்ட்டக்கா விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"அன்னிக்கு எனக்கு நாலரை வயசு. அம்மா போய் அஞ்சு மாசம். புரியுதா? இதுக்குப் பின்னாடி என்ன இருந்தாலும் அதுக்கப்புறம் யாரும் பார்க்கல. நான் பார்த்திருந்தா அதுக்கு முன்னாடிதான் பார்த்திருக்கணும்."

"பார்த்திருந்தா," என்றார் மீட்டர்.

"இந்த லிஃப்ட்டுக்கு ஒரே ஒரு முகம் இருக்கணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு."

"இந்தக் கம்பெனி லிஃப்ட் நாப்பது பார்த்திருக்கேன். முகம் மாதிரி ஒரு சாமானும் உள்ள கிடையாது. சும்மா மனசைக் கெடுத்துக்காதே தாயே."

லிஃப்ட்டக்கா காதில் அது விழவில்லை. டேப்பை எடுத்தார். மூன்று வயதுக் குழந்தை நின்றால் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கும்? எண்பத்தைந்து சென்டிமீட்டர். சுற்றிலும் அந்த உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டார். இரும்பு முழுக்கப் பழைய பசையும், பசையில் ஒட்டிய பழுப்புக் காகிதமும். கோட்டுக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண், சுரண்டியால் சுரண்ட ஆரம்பித்தார். அவ்வளவு வேகமாக அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. முட்டி போட்டு, நகர்ந்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூலையாக. படியிலிருந்து எழுந்து போய் நானும் டார்ச் பிடித்தேன்.

ஒரு மணி நேரத்தில் மூன்று சுவரும் அந்த அளவுக்குச் சுத்தமாகிவிட்டன. வெறும் இரும்பு. ஒரு ஆணித் தலைகூட இல்லை.

மீட்டர் எதுவும் சொல்லாமல் வெளியே போய் நின்றார். அது அவருக்குப் பெரிய தயவு.

லிஃப்ட்டக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "சரி. அவன்தான் கரெக்ட்," என்றார். அண்ணன் சொன்னது நியாயம் என்று முதலில் எண்ணிய எனக்கு, அது நிரூபணமானதில் கொஞ்சமும் மகிழ்ச்சி இல்லை என்பதை அப்போது கவனித்தேன்.

அந்த நேரத்தில் ஆறாம் மாடிப் பெண் கடைக்குப் போய்விட்டு வந்து சேர்ந்தார். ஒரு கையில் பை, இடுப்பில் மகள். மகளுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் மூன்று வயது.

"எப்பக்கா ஓடும் இது? ஆறு மாடி, இவளையும் தூக்கிட்டு... கொஞ்சம் உள்ள வந்து மூச்சு வாங்கிக்கட்டுமா?"

"வாங்க. கரன்ட் இல்ல. பசை மேல சாயாதீங்க."

அவர் உள்ளே வந்து பையைக் கீழே வைத்தார். பொத்தான் பலகைக்குப் பக்கத்துச் சுவரில் பழுப்புக் காகிதத்தின் ஒரு முனை லேசாக எழும்பியிருந்தது. எழும்பிய காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எந்தக் குழந்தையால் முடியும்? இடுப்பில் இருந்தபடியே சாய்ந்து பிடித்து இழுத்தது. கிழிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தது. ஒரு பெரிய துண்டு உரிந்து வந்தது. பிறகு அந்த இடத்தில் இருந்த ஏதோ ஒரு பிளவுக்குள் விரலை விட்டது.

"ஏய், விரலை எடு," என்று தாய் அதட்டி, ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

அங்கே ஒரு தகடு இருந்தது. உள்ளங்கை அளவு. மேலே இரண்டு பக்கமும் உருண்டைத் தலை திருகாணி. கீழே பிறை மாதிரி வளைந்த ஒரு பிளவு.

நான் அவசரப்பட்டு எதையும் நம்புகிறவன் கிடையாது. ஆனால் அது சிரித்தது.

லிஃப்ட்டக்கா ஓரடி முன்னால் வந்தார். இரண்டு கையையும் வாய்மேல் வைத்துக்கொண்டார். மீட்டர்தான் ஓடிவந்து, தகட்டைத் தடவி, டார்ச் அடித்து, தன் தொழில் கௌரவம் முழுவதையும் திரட்டிக்கொண்டு பேசினார்.

"இது கம்பெனி போட்டது இல்ல. பழைய அபாய மணி இங்க இருந்திருக்கு. அதைக் கழட்டி வேற மணி வச்சப்ப, ஓட்டையை மூட யாரோ தகரத்தைக் கையால வெட்டி அடிச்சிருக்கான். சத்தம் வர்றதுக்கு இந்தப் பிளவு. வேற எந்த லிஃப்ட்லயும் இது இருக்காது." கொஞ்சம் நிறுத்தி, "பின்னாடி லிஃப்ட் ஓடற குழிதான். மாடி விளக்கு எரிஞ்சா இந்த வழியா வெளிச்சம் உள்ள வரும்," என்றார்.

"வாய்ல மட்டும் வெளிச்சம்," என்றார் லிஃப்ட்டக்கா. டேப்பை இழுத்துத் தரையிலிருந்து அளந்தார். நூற்று முப்பத்தொன்று.

அளந்ததும் அவர் முகம் மாறியது. "இவ்வளவு உயரமா? எனக்கு இது தலைக்கு மேல எங்கேயோ இருந்திருக்குமே. நான் பார்த்தது நேருக்கு நேர். மூக்குக்கு முன்னாடி."

ஆறாம் மாடிப் பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்றே பாதிதான் புரிந்திருந்தது. மகளை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே சொன்னார்:

"தூக்கி வச்சிருந்தா தெரியுமேக்கா."

லிஃப்ட்டக்கா கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

லிஃப்ட் வேலைக்காரர்களுக்கு எல்லா அளவும் தரையிலிருந்துதான் தொடங்கும். அவரும் தன்னைத் தரையில் நிற்க வைத்தே தேடியிருக்கிறார். நாற்பது வருடமாக அந்த ஞாபகத்தில் அவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். யாரோ தன்னைத் தூக்கி வைத்திருக்கிறார்கள் என்பது படத்துக்குள் இல்லை. படம் எடுத்த இடத்தில் இருந்தது.

அம்மாவின் முகம் நினைவில்லாமல் ஒரு தகரத் துண்டின் முகம் ஏன் நினைவில் தங்கியது என்று அவர் வெட்கப்பட்டது உண்டு. இடுப்பில் இருக்கும் குழந்தைக்குத் தன்னைச் சுமப்பவரின் முகம் சரியாகத் தெரியாது. கன்னம் ஒட்டியிருக்கும், குரல் எலும்பில் அதிரும், கண்ணுக்கு எதிரே மட்டும் உலகம். பயமும் பத்திரமும் ஒரே நொடியில் சேர்ந்து வந்தபோது எதிரே இருந்தது அந்தத் தகடு. அது தங்கிவிட்டது. ஏன் சில ஞாபகங்கள் மட்டும் தங்குகின்றன என்று பலர் பல விதமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதுவரை எதுவும் நிறைவாகப் பட்டதில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும், அந்த லிஃப்ட்டுக்குள், பதில் கிட்டத்தட்டக் கைக்கு எட்டியது.

லிஃப்ட்டக்கா ஃபோனை எடுத்தார். "அண்ணா, கடையைச் சாத்திட்டு வா. இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல. வா."

பத்து நிமிடத்தில் தையல்காரர் வந்தார். கழுத்தில் அளவு டேப், காதில் பென்சில், உதட்டில் ஒரு குண்டூசி. தகட்டைப் பார்த்தார். குண்டூசியை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டார்.

"தகடு."

"முகம்."

"ஓட்டையை அடைச்ச தகடு. நீ வேற எப்பவாவது வந்து பார்த்திருப்ப."

"எப்ப? நாலரை வயசுக்குள்ள நானா பஸ் ஏறி வந்தேனா? பலகைத் தேதியைப் பாரு. அம்மா வேற எப்ப இங்க வந்தாங்க? நீதானே சொல்லுவ, அந்தப் பல்லுக்கு ஒரே ஒரு தடவைதான் வந்தோம்னு."

அண்ணன் குனிந்து பலகையைப் பார்த்தார். தங்கை விடவில்லை.

"சரி, நீ எங்க நின்ன?"

"நிக்கல. பல் வலி தாங்காம கீழ உட்கார்ந்துட்டேன். இதோ, இந்தப் பொத்தானுக்குக் கீழ. அம்மா எனக்கு இந்தப் பக்கம்."

"உட்காரு."

"விளையாடறியா? பேன்ட் பசையாகும்."

"நீ தச்சதுதானே? உட்காரு."

ஐம்பது வயதுத் தையல்காரர் முனகிக்கொண்டே சம்மணம் போட்டு, கன்னத்தில் கையை வைத்துக் குனிந்து உட்கார்ந்தார். ஆறாம் மாடிப் பெண்ணை அவர் பக்கத்தில் நிற்கச் சொன்னார் லிஃப்ட்டக்கா. அந்தப் பெண்ணுக்கு இப்போது வீட்டுக்குப் போகும் எண்ணமே இல்லை. குழந்தைக்குத் தகட்டின் மேல் மறுபடியும் ஆசை வந்து, எட்டிப் பார்த்துக் காலை உதறியது. கால் நேராக அண்ணனின் கன்னத்தில் பட்டது.

"ஐயோ, அண்ணே, மன்னிச்சுக்குங்க."

அவர் அசையவில்லை. குழந்தை இன்னொரு தடவை உதைத்தது.

"ஒரு நிமிஷம். யாரும் பேசாதீங்க," என்றார் அண்ணன்.

கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

"உதைச்சிட்டே இருந்துச்சு," என்றார் மெதுவாக. "வலிக்கிற கன்னத்துலயே. நான் தள்ளிவிட்டேன். மறுபடியும் வந்து இடிச்சுது. செருப்பு இல்ல. சாக்ஸ். அதுவும் ஈரம். வர்ற வழியில தண்ணியில கால வச்சதுக்கு அம்மா ஷூவைக் கழட்டிப் பைக்குள்ள போட்டாங்க." தலையை நிமிர்த்தித் தங்கையைப் பார்த்தார். "நான் லிஃப்ட் நின்னதுக்கு அழல. நீ உதைச்சதுக்கு அழுதேன்."

"நாப்பத்து மூணு வருஷமா நான் வரலைன்னு சொன்னியே, பாவி."

"பல் வலி ஞாபகம் இருந்துச்சு. உதைச்சது யாருன்னு மறந்துட்டேன்."

இதையும் ஒருவர் சந்தேகிக்கலாம். கேட்ட இடத்தில், கேட்ட நேரத்தில் வரும் ஞாபகம் சிலசமயம் நம்மைத் திருப்திப்படுத்தவே வரும். ஆனால் ஈர சாக்ஸைப் பற்றி அவரிடம் யாரும் கேட்கவில்லை. மீட்டர்கூட வாயைத் திறக்கவில்லை என்பதை எழுதிவைக்கிறேன்.

லிஃப்ட்டக்கா அதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். அந்தச் சின்ன இடத்தில் இரண்டு எட்டு அந்தப் பக்கம், இரண்டு எட்டு இந்தப் பக்கம்.

"இருங்க, இருங்க. தகடு நேருக்கு நேர்னா என் கண்ணு நூத்து முப்பத்தொண்ணுல இருந்திருக்கு. மூணு வயசு. அப்ப அம்மா உயரம் தெரிஞ்சிடுமே?"

புகைப்படத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறார். அவர் எவ்வளவு உயரம் என்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது.

"அம்மா நல்ல உயரம்," என்றார் அண்ணன் உடனே.

"அளப்போம்."

ஆறாம் மாடிப் பெண்ணை நேராக நிற்க வைத்தார்கள். நூற்று அறுபத்து மூன்று. இடுப்பில் மகளின் கண் நூற்று முப்பத்தெட்டு. தங்கை கீழிருந்து மேலே அளந்தார், அண்ணன் இடுப்பிலிருந்து கீழே அளந்தார். இருவரும் ஒருவர் டேப்பை ஒருவர் நம்பவில்லை.

"அம்மாவுக்கு ஏழு குறையுது," என்றார் லிஃப்ட்டக்கா. "அப்ப அம்மா இவங்களைவிட ஏழு குட்டை."

"அது உன் லிஃப்ட்டுக்கு. ஆளுக்கு அப்படி இல்ல. இடுப்புல ஏழு குறைஞ்சா மொத்த உயரத்துல பன்னெண்டு குறையும். முப்பது வருஷமா இடுப்புலருந்துதான் அளக்கிறேன், என்கிட்ட சொல்லாத." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. "நூத்து அம்பத்தொண்ணா?"

"ரெண்டு மூணு முன்னப் பின்ன இருக்கலாம். குழந்தை சரிஞ்சு உட்கார்ந்திருந்தா," என்றார் லிஃப்ட்டக்கா. அந்த நேரத்திலும் கவனம்.

அண்ணன் காதிலிருந்த பென்சிலை எடுத்து இரும்புச் சுவரில் நூற்று ஐம்பத்தொன்றில் கோடு போட்டார். பிறகு அதன் எதிரே போய் நின்றார். கோடு அவர் உதட்டுக்கு வந்தது. ஏழெட்டு வயதுவரை அண்ணாந்தே பார்த்த ஒருவரை அவர் கண்ணைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவுதானா?" என்றார்.

தங்கை பக்கத்தில் போய் நின்றார். கோடு அவர் நெற்றிக்கு வந்தது. "என்னைவிடக் குட்டை," என்றார் சிரித்துக்கொண்டே. கண்ணில் நீர் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. "இந்த உடம்பை வச்சுக்கிட்டு என்னையும் தூக்கி, பையையும் தூக்கி, உன்னையும் சமாதானம் பண்ணியிருக்காங்க."

ஆறாம் மாடிப் பெண் கேட்டார்: "அப்புறம் எப்படி அண்ணே வெளிய வந்தீங்க?"

"நானும் அம்மாவும்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த அண்ணன் நிறுத்திக்கொண்டார். "மேல இருந்து ஒரு ஆள் கதவை நெம்பித் திறந்தான். முதல்ல இவளைத்தான் தூக்கி வாங்கியிருப்பான். சின்னவங்களைத்தானே முதல்ல வாங்குவாங்க."

"பார்த்த ஞாபகம் இருக்கா உனக்கு?" என்று கேட்டார் லிஃப்ட்டக்கா.

அண்ணன் யோசித்தார். "இல்ல."

"அப்ப அதை விடு. அந்த ஈர சாக்ஸை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."

தையல்காரர் இந்த முறை பேன்ட்டைப் பற்றிக் கவலைப்படாமல் கீழே உட்கார்ந்தார்.